டிசம்பர் லீவில் டெல்லி: குமரி வாசகர்கள் கேட்கிறார்கள்

அரையாண்டு விடுமுறைக்கு டெல்லி போக நினைக்கும் குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான கேள்விகள் குளிரைப் பற்றியவை. ஆனால் டிசம்பர் கடைசியில் டெல்லிப் பயணத்தைக் கெடுப்பது குளிரைவிட மூடுபனிதான். அதனால் எல்லாப் பதில்களிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

கிறிஸ்துமஸை வீட்டில் கொண்டாடிவிட்டு 26ஆம் தேதி நாலு பேரும் புறப்படலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகளுக்கு ரயிலில் போகத்தான் ஆசை. பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிட முடியுமா?
வாசகி, வெட்டூர்ணிமடம்

போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் முடியும். இரண்டு பக்கமும் ரயில் என்றால் நான்கு நாள் தண்டவாளத்திலேயே போய்விடும்.

கன்னியாகுமரியிலிருந்து டெல்லியின் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்குப் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரண்டு நாள் உண்டு. நாகர்கோவிலிலேயே ஏறலாம். மதுரை, திருச்சி, சென்னை எழும்பூர் வழியாக இரண்டு இரவு, இரண்டு பகல் பயணம். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு நாள்தான். அது திருவனந்தபுரம், பாலக்காடு வழியாகச் சுற்றிப் போவதால் நேரம் இன்னும் கூடும். உங்கள் தேதிக்கு இரண்டுமே ஒத்துவராவிட்டால் திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து தினமும் மதியம் புறப்படும் கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ராஜ்தானியும் வாரம் மூன்று நாள் போகிறது. கொங்கண் வழியாகச் செல்லும் வேகமான வண்டி அது, கட்டணமும் அதற்கேற்ப இருக்கும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, புறப்படும் நாள் அந்தக் கணக்கில் சேராது. அப்படியென்றால் டிசம்பர் 26ஆம் தேதி வண்டிக்கு அக்டோபர் 27 காலை 8 மணிக்கு டிக்கெட் திறக்கும். அந்த வாரத்து வண்டிகளில் இடம் வெகு சீக்கிரம் நிரம்பும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்ப்பதை அக்டோபர் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். அது இல்லாத கணக்கால் முன்பதிவு திறக்கும் நாளிலும் தட்காலிலும் டிக்கெட் எடுக்க முடியாது. கடைசி வாய்ப்பு தட்கால்: முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புகள், 11 மணிக்கு ஸ்லீப்பர். காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது, அதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

திரும்பி வர ஏன் விமானம்? டெல்லியில் புறப்படும் ரயில் பல சமயம் அங்கேயே தாமதமாகிறது. வந்து சேர வேண்டிய அதே பெட்டிகள் பனியில் மாட்டிக்கொண்டால், சுத்தம் செய்து திருப்பி அனுப்ப நேரம் இருக்காது. நாம் போகும் வண்டிக்கு அந்தச் சங்கடம் குறைவு, கடைசிச் சில நூறு கிலோமீட்டரில்தான் அது பனிப் பகுதிக்குள் நுழைகிறது. கட்டணத்திலும் ஒரு வசதி உண்டு. புத்தாண்டுக்குப் பிறகு கேரளத்திலிருந்து வடக்கே திரும்பும் கூட்டம் அதிகம், அதனால் டெல்லியிலிருந்து தெற்கே வரும் விமானம் பொதுவாக அந்த அளவு ஏறாது. பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தின நாள் வீட்டில் இருக்கும்படி தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒரு நாள் கையிருப்பு இல்லாத திட்டம் இந்தப் பருவத்துக்குச் சரிவராது.

டெல்லி மூடுபனி என்று டிவியில் காட்டுகிறார்களே, அது எப்படி வருகிறது? விமானம் எடுத்தால் எந்த நேரத்து விமானம் எடுப்பது?
ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தக்கலை

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவது பாதிக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி நடு வரை கங்கைச் சமவெளியில் இரவு நீளம், வானம் தெளிவு, காற்று அசைவதில்லை. நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது, அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. கோதுமைக்கு நீர் பாய்ச்சிய வயல்கள் ஈரத்தைக் கொடுக்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் மழை தந்துவிட்டுப் போன மறுநாள்களில் ஈரம் இன்னும் கூடுதல். அந்த ஈரம் தரையை ஒட்டித் துளித்துளியாக நின்றுவிடுகிறது. மேலே சூடான காற்று மூடி போட்டது மாதிரி இருப்பதால் கீழே உள்ளது கலைவதில்லை, வாகனப் புகையும் தூசியும் அதிலேயே சேர்கின்றன. நம் ஆரல்வாய்மொழிப் பக்கம் போலக் காற்று வீசினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். அங்கே வெயில் ஏறித்தான் கலைக்க வேண்டும், அதற்குப் பகல் 10 மணி, சில நாள் 12 மணிகூட ஆகும்.

ஆகவே டெல்லியில் மதியம் 1 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே இறங்குகிற, அல்லது புறப்படுகிற விமானத்தை எடுங்கள். அதிகாலை விமானம் மலிவாகத் தெரியும். ஆனால் பனி மிக அடர்வாக இருப்பது விடியலுக்குச் சற்று முன்னும் பின்னும்தான். டெல்லி விமான நிலையத்தில் 50 மீட்டர் பார்வைத் தூரத்திலும் இறங்க உதவும் கருவிகள் உள்ளன, ஆனால் விமானத்திலும் அதற்கான அமைப்பு வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். புறப்படுவதற்கோ இன்னும் கூடுதல் தூரம் தெரிய வேண்டும். விமானங்களுக்கிடையே இடைவெளியும் கூட்டப்படுவதால் காலையில் தேங்கியது பிற்பகல் வரை இழுக்கும். வாய்ப்பு இருந்தால் திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானமே எடுங்கள். மாறிப் போவதென்றால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து முதலாவது தாமதமானால் இரண்டாவதன் பணம் உங்கள் கணக்கில்தான் போகும். வானிலையால் விமானம் ரத்தானால் முழுப் பணம் அல்லது மாற்று விமானம் கேட்கலாம். அதற்கு மேல் இழப்பீடு கிடைக்காது.

ரயிலுக்கும் இதே கதைதான். அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதை ஜிபிஎஸ் கருவி ஓட்டுநருக்கு முன்கூட்டிச் சொல்லும். ஆனால் சிக்னலின் நிறத்தை அவர் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும், அதனால் வேகம் குறைகிறது. புறப்படும் முன் 139க்கு அழைத்து வண்டி எங்கே வருகிறது என்று கேளுங்கள். நீங்கள் ஏறும் நிலையத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். வண்டி அங்கிருந்து கிளம்பும் முன் டிடிஆர் என்ற, பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிவு செய்வதுதான் நிபந்தனை. கிளம்பிய பிறகு பதிவு செய்தால் பலனில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒன்று. சங்குமுகம் பக்கம் ஒரு டெர்மினல், சாக்கை பக்கம் இன்னொன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்து ஓட்டுநரிடம் சொல்லுங்கள், மாறி இறங்கினால் சுற்றித்தான் வர வேண்டும். விடுமுறை நாள்களில் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் மூன்று இடத்திலும் நெரிசல் உண்டு. நாகர்கோவிலிலிருந்து சாலைக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு போகவா, அங்கே போய் வாங்கவா? எவ்வளவு தேவைப்படும்?
வாசகர், மார்த்தாண்டம்

உள்ளே போடுவதை இங்கிருந்து கொண்டுபோங்கள், மேலே போடுவதை அங்கே வாங்குங்கள்.

டெல்லியில் அந்த நாள்களில் இரவுக் குளிர் 5 முதல் 8 டிகிரி வரை, சில இரவுகளில் 3, 4 வரைகூட இறங்கும். வெயில் அடித்தால் பகலில் 20 டிகிரி வரை ஏறும். வெயிலே தெரியாத பனி நாளில் மதியமும் 14, 15தான். நம் ஊர் ஆட்களுக்கு வாட்டுவது இந்தப் பகல் குளிர். இரவில் ரஜாய் என்ற தடித்த பஞ்சுப் போர்வைக்குள் புகுந்துகொள்ளலாம், பகலில் தெருவில் நின்றாக வேண்டும்.

ஐந்தாறு நாளுக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு போதும்: மேலும் கீழுமாகத் தெர்மல் உள்ளாடை 2 ஜோடி, கம்பளி அல்லது ஃப்ளீஸ் ஸ்வெட்டர் ஒன்று, காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று, தடித்த சாக்ஸ் 3 ஜோடி, காதை மூடும் குல்லா, ஒரு மப்ளர் அல்லது சால்வை, மூடிய ஷூ. பிள்ளைகளுக்குக் கையுறையும் வேண்டும். தெர்மல் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொள என்றிருந்தால் சூடு நிற்காது. ஜாக்கெட்டோ உள்ளே இரண்டு அடுக்கு போட்டும் கை மடங்கும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.

பருத்தி பனியன் மேலே ஒரே ஒரு கனத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். மெட்ரோவுக்குள் கூட்டத்தில் வியர்க்கும், பருத்தி நனையும், வெளியே வந்ததும் அந்த ஈரமே உடம்பைக் குளிரவைக்கும். மெல்லிய அடுக்குகளாக இருந்தால் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஷூவும் அப்படித்தான், தடித்த சாக்ஸைத் திணித்து இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும், அரை அளவு பெரிதாக எடுங்கள். முண்டு கட்டும் பெரியவர்கள் இந்தப் பயணத்துக்கு மட்டும் பேண்ட் போட்டே ஆக வேண்டும். சேலைக்குள்ளும் தெர்மல் கால்சட்டை போடலாம், ஆனால் மெட்ரோ படிகளுக்குச் சுடிதார் வசதி.

ஜாக்கெட்டுக்குச் சரோஜினி நகர், லாஜ்பத் நகர், கரோல் பாக் சந்தைகள். மூன்றும் திங்கட்கிழமை விடுமுறை. காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தை ஒட்டிய மொனாஸ்டரி மார்க்கெட்டிலும் குளிர் உடுப்பு நிறைய உண்டு. வாங்கும்போது ஜிப்பை மேலும் கீழும் மூன்று நான்கு முறை இழுத்துப் பாருங்கள், தெருக்கடை ஜாக்கெட்டில் முதலில் போவது அதுதான். பட்டாளத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஜாக்கெட் கிடைத்தால் இரவல் வாங்குவதே நல்லது. நம் ஊரில் திரும்ப உடுக்கப் போவதில்லை.

ஸ்லீப்பர் வகுப்பில் போகிறவர்கள் ஆளுக்கொரு கம்பளியைக் கையெட்டும் பையில் வையுங்கள். சென்னை வரை ஜன்னலைத் திறந்து வைக்கத் தோன்றும், நாக்பூர் தாண்டிய இரவில் மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாகவே குளிர் இறங்கும். ஏசி பெட்டியில் போர்வை கொடுப்பார்கள், ஸ்லீப்பரில் கிடையாது.

எங்க அம்மைக்கு 68 வயசு, இழுப்பு உண்டு. இன்ஹேலர் எடுக்கிறாங்க. கூட்டிக்கொண்டு போகலாமா?
வாசகி, குலசேகரம்

கடந்த சில மாதங்களில் இழுப்புக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டிசம்பரில் வேண்டாம். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ கூட்டிப்போங்கள். அப்போது காற்று இதைவிட நன்றாக இருக்கும், குளிரும் இதமாக இருக்கும், குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ருத் உத்யான் தோட்டமும் பூத்திருக்கும். வயதானவர்களுக்கு டெல்லியைக் காட்ட அதுவே சரியான காலம்.

இழுப்பு கட்டுக்குள் இருக்கிறது, மருத்துவரும் சரி என்கிறார் என்றால் மட்டும் மேலே படியுங்கள். டெல்லிக் காற்றின் தரக் குறியீடு இந்த நாள்களில் 300ஐத் தாண்டுவது சாதாரணம். 301 முதல் 400 வரை ‘மிக மோசம்’, அதற்கு மேல் ‘கடுமை’. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பகுதிவாரியாகப் பார்க்கலாம். 300க்கு மேல் காட்டும் நாளில் அம்மை அறையிலோ, அருங்காட்சியகம் போன்ற மூடிய இடத்திலோ இருக்கட்டும். துணி மாஸ்க்கும் பச்சை நிற சர்ஜிகல் மாஸ்க்கும் நுண்தூசியைத் தடுக்காது, என்95 வேண்டும். மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று புகாதபடி போட வேண்டும். கன்னத்தில் காற்று அடிப்பது தெரிந்தால் போட்டும் பயனில்லை.

குளிர்ந்த காற்றே மூச்சுக்குழாயைச் சுருக்கும். வெளியே போகும்போது மாஸ்க் மேல் மப்ளரைச் சுற்றினால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். காலை நடை வேண்டவே வேண்டாம். டெல்லியில் தூசி தரையோடு கிடப்பது விடியற்காலையில்தான், பிற்பகல் 12 முதல் 4 வரை கொஞ்சம் தேவலை. இன்ஹேலர் இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று அம்மை கையில், ஒன்று உங்கள் பையில். இழுப்பு கூடினால் எந்த மருந்து, எத்தனை முறை, எப்போது ஆஸ்பத்திரி என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஃப்ளூ தடுப்பூசி போடுவதென்றால் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டால்தான் பலன் தரும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் குளிரில் ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது.

நாலு நாளில் என்னென்ன பார்க்கலாம்? எந்த வரிசையில்?
கல்லூரி மாணவர்கள், கொட்டாரம்

இடங்களைத் தேர்வு செய்யும் முன் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். முதலாவது, பகல் சிறியது. டிசம்பர் கடைசியில் டெல்லியில் சூரியன் 7.15ஐ ஒட்டி உதித்து 5.30க்கெல்லாம் மறைந்துவிடும். காலையில் பனி கலையும் நேரத்தையும் கழித்தால், திறந்தவெளி இடங்களுக்குக் கிடைப்பது 10.30 முதல் 4.30 வரைதான். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடம், ஒரு சிறிய இடம், அவ்வளவே. ஐந்து இடம் காட்டுகிறோம் என்று கூட்டிப்போகும் சுற்றுலாப் பேருந்துகளில் வாசலில் படம் எடுக்கத்தான் நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, திங்கட்கிழமை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம், தீன்மூர்த்தியில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம் எல்லாம் அன்று மூடியிருக்கும். தாஜ் மஹாலுக்கோ வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே உங்கள் நாலு நாளில் திங்கள் வந்தால் அன்று ஆக்ரா போய்விடுங்கள். திங்களன்று டெல்லியிலேயே இருக்க நேர்ந்தால் குதுப் மினாரும் ஹுமாயூன் சமாதியும் திறந்திருக்கும்.

மீதி மூன்று நாளை இடங்களின் நெருக்கத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ஒரு நாள் பழைய டெல்லி: வயலட் தடத்தில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் எதிரே செங்கோட்டை, பிறகு ஜும்மா மசூதி, சாந்தினி சவுக். இன்னொரு நாள் புது டெல்லி: காலையில் பனி இருக்கும்போது பிரதமர்கள் அருங்காட்சியகம், வெயில் வந்ததும் கர்த்தவ்ய பாதை, இந்தியா கேட், அதை அடுத்த தேசியப் போர் நினைவகம். 2019இல் திறந்த அந்த நினைவகத்துக்குக் கட்டணம் இல்லை, வட்டச் சுவர்களில் வீரர்களின் பெயர்கள் பொறித்திருக்கும். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரர்கள் அங்கே அவசரப்படாமல் நின்று படிக்க வேண்டும். குடியரசுத் தலைவர் மாளிகையின் உள்ளே பார்க்க அதன் இணையதளத்தில் முன்பே நேரம் பதிவு செய்ய வேண்டும். மூன்றாம் நாள் குதுப் மினார், ஹுமாயூன் சமாதி, மாலையில் அக்ஷர்தாம். அக்ஷர்தாமில் போன், கேமரா, பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். பொருள் ஒப்படைக்கும் வரிசையே நீளம், ஒருவர் பையில் எல்லாப் போனையும் போட்டுக் கொடுத்தால் நேரம் மிச்சம்.

மெட்ரோ கட்டணம் 11 முதல் 64 ரூபாய் வரை. ஸ்மார்ட் கார்டு எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும், தெரியாமல் ஏறும் ஆண்களுக்கு அபராதம்.

தாஜ் மஹாலை விடியற்காலையில் பார்த்தால்தான் அழகு என்கிறார்கள். உண்மையா?
வாசகர், குளச்சல்

அக்டோபரிலும் மார்ச்சிலும் உண்மை. டிசம்பர் கடைசியில் விடியற்காலையில் போனால் நுழைவாயிலில் நின்று பார்க்கும்போது எதிரே வெள்ளைத் திரைதான் இருக்கும். 11.30க்கு மேல் உள்ளே போங்கள். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். சமாதி இருக்கும் மேடைக்கு ஏறத் தனியாக 200 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். டிக்கெட் 3 மணி நேரத்துக்கே செல்லும், ஆன்லைனில் எடுத்துக்கொண்டு போனால் ஒரு வரிசை குறையும்.

நிஜாமுதீனிலிருந்து காலையில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் 1 மணி 40 நிமிடத்தில் ஆக்ரா சேர்க்கும் என்பது கால அட்டவணைக் கணக்கு, பனியில் அதுவும் தாமதமாகும். ஆனாலும் காரைவிட ரயிலே மேல். யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்தில் கார்களின் வேக வரம்பை 100இலிருந்து 75ஆகக் குறைப்பதே விபத்துகளால்தான். காரில்தான் போக வேண்டுமென்றால் வெளிச்சம் வந்த பிறகு, 9 மணிக்கு மேல் புறப்படுங்கள். இரவில் திரும்ப வேண்டாம், ஓட்டுநர் எத்தனை தைரியம் சொன்னாலும் வேண்டாம். பயணத்தின் கடைசி நாளில் ஆக்ராவை வைக்காதீர்கள், தாமதமானால் விமானம் போய்விடும்.

டெல்லியில் எந்தப் பகுதியில் தங்குவது? அறையில் ஹீட்டர் இருக்குமா?
வாசகி, இரணியல்

கரோல் பாக். மெட்ரோ நீலத் தடத்தில் இருப்பதால் அங்கிருந்து அக்ஷர்தாமுக்கு மாறாமலே போகலாம், ராஜீவ் சவுக்கில் மாறினால் குதுப் மினார். இட்லி தோசைக் கடைகளும் உண்டு. பஹாட்கஞ்ச் நியூ டெல்லி நிலையத்துக்குப் பக்கம், வாடகையும் குறைவு. ஆனால் சந்துகள் குறுகல், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அவ்வளவு உகந்ததல்ல. மஹிபால்பூர் விமான நிலையத்துக்குப் பக்கமே தவிர, மெட்ரோ எட்டாக்கையில் இருக்கும், தினமும் ஆட்டோவுக்கே காசு கரையும்.

சாதாரண விடுதிகளில் ஹீட்டர் தானாக வராது. பதிவு செய்யும் முன் போனில் நான்கு கேள்வி கேளுங்கள்: ரூம் ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா, வெந்நீர் எந்த நேரம் வரை, ஆளுக்கொரு ரஜாய் தருவார்களா. அறைக்கு வெயில் படும் ஜன்னல் இருந்தால் பாதிக் குளிர் போய்விடும், தரைத்தளமும் உள்பக்க அறையும் குளிர்ந்தே கிடக்கும். கம்பி பழுக்கும் ஹீட்டர் மேல் ஈரத் துணியைக் காயப் போடக் கூடாது, தூங்கும் முன் அணைத்துவிட வேண்டும்.

ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி யார் படுக்கச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். வட மாநிலங்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடும்பம் குடும்பமாக இப்படி இறக்கிறார்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்து. தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால் உடனே கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள்.

நம்ம சாப்பாடு கிடைக்குமா?
வாசகர், திங்கள்சந்தை

கிடைக்கும். கன்னாட் பிளேஸ் பக்கம் சரவண பவன் உண்டு. மட்ட அரிசிச் சோறும் மீன் பொரித்ததும் தேடுகிறவர்கள் ஜந்தர் மந்தர் சாலையில் உள்ள கேரள பவனின் சம்ருத்தி கேண்டீனுக்குப் போங்கள், குமரிக்காரர்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு மாதிரிதான். மதியம் சீக்கிரம் போனால்தான் மீன் மிஞ்சும். ரயிலுக்குப் புளியோதரை முதல் நாளுக்கு மட்டும், பிறகு ஏத்தங்காய் சிப்ஸ், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து.

ஆனால் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் சிலவற்றைச் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள்: சிவப்புக் கேரட்டில் செய்யும் கஜர் அல்வா, கடுகுக் கீரையும் மக்காச்சோள ரொட்டியும், எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக். சாந்தினி சவுக்கில் காலையில் விற்கும் தௌலத் கி சாட் பால் நுரையில் செய்வது, வெயில் ஏறினால் கரைந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் மட்டும்தான் போடுகிறார்கள்.

புத்தாண்டு இரவுத் திருப்பலிக்கு டெல்லியில் எங்கே போகலாம்?
வாசகி, முளகுமூடு

கோல் டாக்கானா அருகே உள்ள திரு இருதய பேராலயம். திருப்பலி நேரத்தை அந்த வாரத்திலேயே ஆலயத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். திரும்பி வர முன்பே வண்டி பேசி வைக்க வேண்டும். டிசம்பர் 31 இரவு 9 மணிக்கு மேல் ராஜீவ் சவுக் மெட்ரோவில் வெளியே வர அனுமதிப்பதில்லை, கன்னாட் பிளேஸைச் சுற்றி வாகனங்களையும் நிறுத்திவிடுவார்கள். ஆலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பங்களா சாகிப் குருத்வாரா இருக்கிறது, அங்கே தலையை மூடிக்கொண்டு யாரும் போகலாம், உணவும் உண்டு. மார்கழி வழிபாட்டை விட மனமில்லாதவர்களுக்கு ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் சுவாமிநாத சுவாமி கோயில்.

தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும் என்கிறார்களே, எடுத்துப் போகலாமா?
வாசகி, கருங்கல்

எடுத்துப் போங்கள், அங்கே அது தலைக்கு மட்டுமல்ல, தோலுக்கும் வேண்டும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், டெல்லி அறையில் கல்லாகிவிடும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் ஒரு சொட்டும் வெளியே வராது, அகல வாய் டப்பாவில் நிரப்புங்கள். விரலால் வழித்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகும். குளித்து முடித்து, உடம்பு முழுக்கக் காயும் முன்பே கை, கால், முகத்தில் தடவுங்கள், அப்போதுதான் ஈரம் தோலில் நிற்கும். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது தோலை இன்னும் வறட்டும், வெதுவெதுப்பே போதும். உதட்டுக்கும் குதிகாலுக்கும் இரவில் வாசலின் தடவி சாக்ஸ் போட்டுப் படுத்தால் வெடிப்பு வராது. விமானத்தில் வருகிறவர்கள் டப்பாவைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், உறைந்திருந்தாலும் சோதனையில் அதை திரவமாகவே எடுத்துக்கொண்டு நிறுத்த வாய்ப்பு உண்டு.